நீலகிரியில் அரிவாள் செல் இரத்தசோகை: கண்டறிதலும் சிகிச்சையும்

அரிவாள் செல் இரத்தசோகை என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் இரத்த நோயாகும். தட்டையான வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. கடுமையான உடல்வலியும் சோகையும் இதன் முக்கிய அறிகுறிகள். சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். இந்தியாவில் இதன் வரலாறு, கொங்கு நாட்டின் வடமேற்கே உயர்ந்து நிற்கும் நீலகிரியில் தொடங்குகிறது.

கண்டறிதல்

ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தை ஆராய்ந்து, இருளர், பணியர் முதலியோரிடம் அரிவாள் செல் தன்மை இருப்பதை 1952இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இது இருப்பது தெரியவந்தது.

காரணம்

இது ஹீமோகுளோபின் மூலக்கூறில் உள்ள குறை என்பதை 1949இல் லைனஸ் பாலிங் குழுவினர் காட்டினர். அதன் ஒரு சங்கிலியில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் அமைந்திருப்பதே அக்குறை என்பதைச் சில ஆண்டுகளில் வெர்னன் இங்ராம் கண்டறிந்தார். தாய், தந்தை இருவரும் இந்த மரபணுவைச் சுமப்பவர்களாயின், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1 பங்கு. மரபணு ஒன்றை மட்டும் பெற்றவர்கள் பொதுவாக நலமாகவே இருப்பர்.

சிகிச்சை

காரணம் தெரிந்தும் மருந்து உடனே வரவில்லை. புற்றுநோய்க்குப் பயன்பட்ட ஹைட்ராக்ஸியூரியா, கருவில் இருக்கும்போது உருவாகும் வகை ஹீமோகுளோபினைப் பெருக்கி, செல்கள் வளைவதைக் குறைக்கிறது. அமெரிக்காவில் 1998இல்தான் இது இந்நோய்க்கு ஏற்கப்பட்டது. நீலகிரியில் நோய் கண்டறியப்பட்டு அப்போது 46 ஆண்டுகள் கடந்திருந்தன. கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசி நலச்சங்கமும், கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையும் நோயாளிகளைக் கண்டறிந்து சிகிச்சை அளித்து வருகின்றன.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நோயைக் குணப்படுத்தக் கூடியது. ஆனால் பொருத்தமான கொடையாளர் வேண்டும். மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. அதன் விலை சுமார் 22 லட்சம் டாலர்.

இந்திய அரசு 2023 ஜூலை 1 அன்று அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2047ஆம் ஆண்டு அதன் இலக்கு. விலை உயர்ந்த சிகிச்சை எட்டும் வரை, மலைக் கிராமத்துக் குழந்தையைக் காப்பவை காலத்தே செய்யும் இரத்தப் பரிசோதனையும், தவறாமல் கிடைக்கும் மாத்திரையுமே.