தரங்கம்பாடிக் காசு

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் வழங்கிய செப்பு நாணயம் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், கட்டைவிரல் நகத்தளவே உள்ள அவ்வட்டத்தின் ஒருபுறம் கிரீடமும் அதன் கீழ் அரசன் பெயரின் எழுத்துப் பின்னலும், மறுபுறம் ரோம எண்ணில் நான்கும் அதனடியில் மூன்றே எழுத்தில் 'காஸ்' என்ற சொல்லும் தெரியும். அது நம் காசேதான். ஈற்றிலுள்ள குற்றியலுகரம் அயலார் செவிக்கு எட்டாமல் நழுவிவிட்டது போலும்.

ஆங்கிலக் 'கேஷ்' நம் காசிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் பெருமையோடு சொல்லக் கேட்கிறோம். அந்த அபிப்பிராயம் பாதியே மெய். ஒரே உருவில் அங்கே இரண்டு சொற்கள் உண்டு. ரொக்கத்தைக் குறிப்பது, பெட்டி என்று பொருள்படும் 'காப்ஸா' என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்து, முதலில் பணப்பெட்டியையும் பின்னர் அதிலிருக்கும் பணத்தையும் உணர்த்தியது. இன்று வழக்கொழிந்துபோன மற்றொன்றே நம்முடையது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று சென்னையில் கும்பினியார் கணக்கெழுதிய காலத்தில் வாழ்ந்த அச்சொல், 1818-ல் ரூபாய்க் கணக்கு வந்தபின் மெல்ல மறைந்தது.

இரண்டும் ஒன்றாய்த் தோன்றக் காரணம் போர்த்துகீசியர். இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்களிலேயே பயிலும் நம் சொல்லைக் காதால் கேட்டு எழுதிய அவர்கள், தம் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'காய்ஷா' என்பதன் வடிவத்தையே அதற்கும் அணிவித்தனர். அவர்களிடமிருந்து அதைப் பெற்ற ஆங்கிலேயரோ, தம் பணப்பெட்டிச் சொல்லின் எழுத்துக்களையே இதற்கும் இட்டுவிட்டனர். இருமுறை பெட்டிக்குள் அடைபட்ட காசு பிறகு வெளிவரவே இல்லை.

ஆனால் 1620-ல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனிஷ்காரர், தங்கள் மொழியிலும் பெட்டிக்கு 'காஸெ' என்ற சொல் இருந்தும், ஈயத்திலும் செம்பிலும் அடித்த நாணயத்துக்கு, நம் உச்சாரணத்தை ஏறக்குறைய அப்படியே காத்துக் 'காஸ்' என்று பெயரிட்டனர். ரொக்கத்துக்கு உரிமை கொண்டாடுவதைவிட, இச்சிறு செம்பில் நம் சொல் நம் சொல்லாகவே நிற்பதுதான் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

1845-ல் டேனிஷ்காரர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றனர். அந்நாணயங்களும் செல்லாக் காசுகளாயின. சென்ற மாதம் கோட்டையைப் பார்த்துவிட்டுக் கடற்கரையில் மீன் வாங்க நின்றேன். "காசு குடுத்துட்டுப் போங்க ஐயா" என்றார் கூடைக்காரம்மாள். நழுவிப்போன அந்தக் குறுகிய உகரம் அவர் வாயில் தெளிவாக ஒலித்தது.