கார்க் கதவும் தற்காப்புரிமையும்

1988 டிசம்பர் 27. பாட்டியாலாவில் சாலை நடுவே ஒரு மாருதி ஜிப்சி நின்றுகொண்டிருந்தது. பின்னால் வந்த காரில் 65 வயது குர்னாம் சிங்கும் இன்னும் இருவரும் பணம் எடுக்க வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வழி விடச் சொன்னார்கள், வாய்ச்சண்டை மூண்டது. ஜிப்சியில் இருந்தவர்களில் ஒருவர் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, அப்போது வயது 25. அவர் குர்னாம் சிங்கைக் காரிலிருந்து வெளியே இழுத்துக் கையால் குத்தினார் என்பது அரசுத் தரப்பின் வழக்கு. மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட முதியவர் பிழைக்கவில்லை.

சில நிமிடங்களில் முடிந்த அந்தச் சண்டையை அளந்து தீர்க்க நீதிமன்றங்களுக்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1999இல் விசாரணை நீதிமன்றம் சித்துவை விடுதலை செய்தது. 2006இல் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை விலக்கி, காயம் ஏற்படுத்திய குற்றத்துக்கு மட்டும் ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டது. சீராய்வில், 2022 மே 19 அன்று, அதே நீதிமன்றம் ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. அந்தப் பிரிவில் கொடுக்கக்கூடிய உச்சத் தண்டனையே அவ்வளவுதான். உடல்வலு மிக்க விளையாட்டு வீரரின் கை, தன்னைவிட இரு மடங்குக்கும் மேல் வயதான ஒருவர் மீது விழும்போது அது வெறும் கை அன்று என்பதைச் சீராய்வுத் தீர்ப்பு கணக்கில் எடுத்தது.

இத்தனை படிகளிலும் வாதத்தின் பெரும்பகுதி ஒரு மருத்துவக் கேள்வியைச் சுற்றியே நடந்தது. முதியவர் இறந்தது மூளை உறையின் கீழ் ஏற்பட்ட இரத்தக் கசிவாலா, ஏற்கெனவே இருந்த இதயக் கோளாறாலா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சாலைச் சச்சரவுகளைப் பொதுவாக ஆராயும்போது அதற்கு முன்னால் இன்னொன்று நிற்கிறது: வண்டிக்குள் இருந்தவர் ஏன் வெளியே வந்தார்? கை ஓங்கப்பட்ட கணத்தைத் துருவித் துருவிப் பார்க்கும் சட்ட விவாதம், கதவு திறந்த கணத்தை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. தற்காப்பு என்ற வாதம் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தியச் சட்டம் தற்காப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டவில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாகப் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன. தன் உடலை மட்டுமல்ல, பக்கத்து இருக்கைக்காரரின் உடலையும், முன்பின் தெரியாதவரின் உடலையும் காக்க உரிமை உண்டு. அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நியாயமான அச்சம் போதும். தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் (2010) வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. தாக்கப்படுபவர் கோழைபோல் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆபத்தின் நடுவே நிற்பவர் தராசு வைத்து எதிரடியை நிறுத்துக் கொடுப்பார் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

இந்தப் பாதியை மட்டும் கேள்விப்பட்டவர்தான் இருக்கைக்கடியில் கம்பு வைத்துக்கொள்கிறார். மறுபாதி 37ஆம் பிரிவில் இருக்கிறது. அரசு அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் தற்காப்புரிமை கிடையாது. தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யவும் உரிமை கிடையாது. கூடவே ஜெய் தேவ் வழக்கில் (1963) உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: அச்சத்துக்கான காரணம் நீங்கிய நொடியில் உரிமையும் நீங்குகிறது. திரும்பி ஓடுபவரைத் துரத்தி அடிப்பது எந்த அகராதியிலும் தற்காப்பு ஆகாது.

இந்த வரம்புகளைக் காருக்குள் வைத்துப் பார்த்தால் நிலைமை வீட்டு வாசலிலோ வயல் வரப்பிலோ நடக்கும் சண்டையிலிருந்து வேறுபடுகிறது. நான்கு கதவும் பூட்டியிருக்கிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, எஞ்சின் ஓடுகிறது, கையில் போன் இருக்கிறது, 112 என்ற அவசர உதவி எண் இருக்கிறது. எதிரே நிற்பவர் பானெட்டைத் தட்டிக்கொண்டு “இறங்குடா கீழே” என்று கத்துகிறார். இந்த நிலையில் உள்ளே இருப்பவருக்கு அவகாசமும் உண்டு, அரணும் உண்டு. பின்னால் இடமிருந்தால் ரிவர்ஸ் எடுக்கலாம். விளக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்குக்கோ காவல் நிலையத்துக்கோ போகலாம். இவ்வளவையும் விட்டுவிட்டு வீல் ஸ்பேனருடன் இறங்குபவர், அவகாசம் இல்லை என்று பிறகு வாதாடுவது கடினம். ஓட வேண்டியதில்லை என்ற விதி அவருக்கும் பொருந்தும்தான். ஆனால் நின்ற இடத்தில் நிற்பது ஒன்று, அரணை விட்டு வெளியேறி எதிராளியை நோக்கி நடப்பது வேறு.

இறங்கியபின் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. இரு தரப்பும் விரும்பியே மோதிக்கொண்ட சண்டையில் எவருக்கும் தற்காப்புரிமை இல்லை, அவரவர் செய்ததற்கு அவரவரே பொறுப்பு என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் நெறி. அப்படிப்பட்ட வழக்கில் எஞ்சுவது ‘திடீர்ச் சண்டை’ என்ற விதிவிலக்கு மட்டுமே. அது கொலைக் குற்றத்தைக் கொலையாகாத மரணமாகக் குறைக்கும், விடுதலை தராது. மெய்ப்பிக்கும் பொறுப்பும் தற்காப்பைக் கோருபவரிடமே இருக்கிறது. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழ்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆனால் சாலையோரம் டீ குடித்துக்கொண்டிருந்தவரின் சாட்சியம் பெரும்பாலும் இரண்டு பேரும் கட்டிப்புரண்ட காட்சியில்தான் தொடங்கும். அதற்கு முன்பு நடந்ததைப் பார்க்க அவருக்கு என்ன காரணம் இருந்தது?

இங்கிலாந்தில் ஒரே மனிதர் பதினைந்தாண்டு இடைவெளியில் இருமுறை தற்காப்பை வாதாடிய விந்தை நிகழ்ந்திருக்கிறது. கென்னத் நோய், 1983இல் ஹீத்ரோவில் நடந்த பிரிங்ஸ்-மேட் தங்கக் கொள்ளையோடு தொடர்புடையவர். அவரைக் கண்காணிக்க 1985 ஜனவரியில் காவலர் ஒருவர் முகத்தை மறைத்துக்கொண்டு இரவில் அவர் வீட்டுத் தோட்டத்தில் பதுங்கியிருந்தார். நோய் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். இருட்டில் முகமூடி மனிதரைக் கண்டு உயிருக்கு அஞ்சினேன் என்ற வாதத்தை ஜூரி ஏற்றது. கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. 1996 மே மாதம், லண்டனைச் சுற்றியோடும் எம்25 நெடுஞ்சாலையின் ஸ்வான்லி சந்திப்பில், 21 வயது இளைஞர் ஒருவரை அவருடைய வருங்கால மனைவியின் கண்ணெதிரே நோய் குத்திக் கொன்றார். ஸ்பெயினுக்குத் தப்பிப் பிடிபட்டு, 2000இல் விசாரணையில் மீண்டும் தற்காப்பையே சொன்னார். இம்முறை ஜூரி நம்பவில்லை; ஆயுள் தண்டனை.

ஜூரி காரணம் சொல்வதில்லை. எனவே இரு தீர்ப்புகளின் உள்மனத்தை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெளியே தெரியும் வேறுபாடு மட்டும் கண்ணில் படுகிறது. முதல் நிகழ்வில் ஆபத்து அவருடைய வேலிக்குள் வந்திருந்தது. இரண்டாவதில் அவர் தன் வண்டியை விட்டு இறங்கிச் சென்றார், கத்தியோடு.

இப்போது சாட்சியின் இடத்துக்குக் கேமரா வந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் பெங்களூரில் விமானப்படை அதிகாரி ஒருவர் முகத்தில் இரத்தம் வழியக் காணொளி வெளியிட்டார். பைக்கில் வந்தவர் தன்னைத் தாக்கினார் என்றார். மொழிப் பிரச்சினையும் அதில் கலந்தது. சில மணி நேரத்துக்குள் நாடு முழுவதும் ஒரு தீர்ப்புக்கு வந்திருந்தது. பின்னர் வெளியான கண்காணிப்புக் கேமராப் பதிவில் அதே அதிகாரி பைக்காரரைக் கீழே தள்ளித் தாக்குவது தெரிந்தது. அவர் மீதும் கொலை முயற்சி வழக்கு பதிவானது. யார் சரி என்பது நீதிமன்றத்தின் வேலை. முதல் காணொளி சண்டையின் முடிவையும், இரண்டாவது அதன் நடுவையும் காட்டின என்பதே ஆய்வாளர் கவனிக்க வேண்டியது. தொடக்கத்தைக் காட்டக்கூடியது டேஷ்கேம் ஒன்றுதான். அது யாருடைய கட்சியும் சேராது. மாட்டியவருக்கு எதிராகவும் பேசும்.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கதவு என்று பேசுவது கார் வைத்திருப்பவரின் சட்டவியல். 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஸ்கூட்டியில் போகும் பெண்ணுக்கு ஏற்றிவிடக் கண்ணாடி எங்கே இருக்கிறது? அவரை வழிமறித்துச் சாவியைப் பிடுங்கினால் அவருக்கு அரணுமில்லை, அவகாசமுமில்லை. மறுப்பு நியாயமானது. அதே சமயம் இந்த மறுப்பு வாதத்தை உடைப்பதைவிடக் கூர்மையாக்குகிறது. அரண் இருந்தவர் அதைத் துறந்தாரா என்று கேட்கும் அளவுகோல், அரணே இல்லாதவருக்குக் கூடுதல் இடம் கொடுத்தாக வேண்டும். ஒரே சண்டையில் எஸ்யூவி ஓட்டியவரையும் ஸ்கூட்டி ஓட்டியவரையும் ஒரே தட்டில் வைத்து ‘இருவரும் இறங்கி அடித்துக்கொண்டார்கள்’ என்று எழுதும் முதல் தகவல் அறிக்கையின் குறை அங்கேதான் இருக்கிறது.

இன்னும் சிக்கலானது, இறங்கச் சொல்வதே சட்டமாக இருக்கும் தருணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவுப்படி விபத்தில் ஒருவர் காயம்பட்டால் ஓட்டுநர் அவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். காவலர் அங்கு இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். உதவிக் கடமைக்கு ஒரு விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது: கூட்டத்தின் ஆவேசத்தாலோ, தன் கட்டுப்பாட்டில் இல்லாத வேறு காரணத்தாலோ முடியாமல் போனால் தவிர. வண்டி இடித்த அடுத்த நொடியில் ஓட்டுநரை இழுத்துப் போட்டு மிதிக்கும் கூட்டம் உண்டு என்பதை 1988ஆம் ஆண்டுச் சட்டமே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இப்படி மனம்விட்டு ஒப்புக்கொள்ளும் இடங்கள் அதிகமில்லை.

புதிய சன்ஹிதாவின் 106(2) பிரிவு இந்தச் சமநிலையைத் தொட்டபோதுதான் லாரிகள் நின்றன. கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்துவிட்டு, விரைவில் காவலரிடமோ நீதித்துறை நடுவரிடமோ தெரிவிக்காமல் தப்பிப்போனால் பத்தாண்டு வரை சிறை என்றது அது. 2024 ஜனவரி முதல் இரண்டு நாட்களில் பல மாநிலங்களில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. நின்றால் கூட்டம் கொல்லும், போனால் சட்டம் கொல்லும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பிரிவை ஊன்றிப் படித்தால் நிற்கச் சொல்லவில்லை, தெரிவிக்கத்தான் சொல்கிறது என்று அரசு விளக்கலாம். ஆனால் ஒடிசாவில் சரக்கு ஏற்றி மகாராஷ்டிரத்தில் விபத்தில் சிக்கும் ஓட்டுநருக்கு, தெரியாத மொழியில், நள்ளிரவில், ‘விரைவில்’ என்பதன் எல்லை எது? சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள்.

கூட்டம் சூழ்ந்த வண்டிக்குள் இருப்பவர் ஆக்சிலேட்டரை மிதிக்கலாமா? சன்ஹிதாவின் 44ஆம் பிரிவு இதற்கு அருகில் வருகிறது. உயிருக்கு ஆபத்தான தாக்குதலிலிருந்து தப்ப வேறு வழியில்லாதபோது, தொடர்பில்லாத ஒருவருக்குத் தீங்கு நேரக்கூடும் என்றாலும் தற்காப்புரிமை அழியாது. கூட்டத்தோடு குழந்தைகள் கலந்து நிற்கும் நிலைமையையே சட்டம் எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஆனால் இந்த இடம் மிகக் குறுகலானது. கண்ணாடியில் கல் விழுந்ததும் பெட்ரோல் ஊற்றப்படுவதும் ஒன்றல்ல. கத்திக்கொண்டு நிற்பவர்மேல் ஏற்றப்படும் ஒன்றரை டன் இரும்பைத் தேவைக்கு மிஞ்சாத தீங்கு என்று எந்த நீதிபதியும் எளிதில் ஒப்பமாட்டார். ஆள் நடை வேகத்தில் ஹாரன் அடித்தபடி நகர்த்திய வண்டியும், சீறிப் பாய்ந்த வண்டியும் தரையில் விட்டுப்போகும் டயர் தடமே வேறு வேறு.

ஆயுதம் கையில் இருந்தால் பாதுகாப்பு கூடும் என்ற நம்பிக்கையையும் இங்கே சோதித்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் டேவிட் ஹெமன்வே குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், வண்டியில் துப்பாக்கி வைத்திருந்த ஓட்டுநர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஆபாசச் சைகை காட்டியதாகவும், பிறரை விரட்டிப் பின்தொடர்ந்ததாகவும் தாங்களே ஒப்புக்கொண்டனர். துப்பாக்கி அவர்களை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவர்கள் துப்பாக்கி வைத்துக்கொண்டார்களா என்பதை அந்த ஆய்வு தீர்க்கவில்லை. இருக்கைக்கடியில் இருக்கும் கம்பைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். தற்காப்புக்காகவே வைத்திருந்தேன் என்பவர், அதை எடுக்கக் குனிந்த நேரத்தில் கியரைப் போட்டிருக்க முடியுமா என்ற குறுக்கு விசாரணைக்குத் தயாராக இருக்க வேண்டும்.

கோபத்திலும் மனிதர்கள் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதற்குச் சான்று ஹெமன்வே ஆய்வைவிடப் பழையது. 1968இல் டூப், கிராஸ் என்ற இரு உளவியலாளர்கள் கலிபோர்னியாவில் பச்சை விளக்கு விழுந்தும் நகராத கார்களைச் சிக்னலில் நிறுத்திவைத்தார்கள். விலையுயர்ந்த கார் என்றால் பின்னால் நின்றவர்கள் தயங்கினார்கள். பழைய ஓட்டைக் கார் என்றால் உடனே ஹாரன். கட்சிக் கொடி பறக்கும் வண்டிக்குப் பின்னால் நின்ற எவருக்கும் இந்த முடிவு புதிதாக இராது. யார்மேல் பாய்வது என்று தேர்ந்தெடுக்க முடிகிற கோபத்தை, அறிவை முழுதாக மறைத்துவிட்டதாகச் சொல்லித் திடீர் ஆவேசத்தின் சலுகையைக் கேட்பது எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது.

இவையெல்லாம் சேர்ந்து விசாரணை அதிகாரியின் வேலையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். சாலைச் சண்டையில் வழக்கமாக இரு தரப்பிலும் புகார் வாங்கி, வழக்கும் எதிர்வழக்குமாகப் பதிவு செய்து, பிறகு சமாதானத்துக்கு விட்டுவிடுவது எளிது. காயச் சான்றிதழ் யாருக்கு எத்தனை தையல் என்று சொல்லும். யார் முதலில் இறங்கினார் என்று சொல்லாது. வண்டிகள் எந்தக் கோணத்தில் நின்றன, முன்னால் போக இடம் இருந்ததா, எந்தக் கதவு திறந்து கிடந்தது, சாவி யாரிடம் இருந்தது, 112க்கு யார் எப்போது அழைத்தார் என்பவை வண்டிகளை நகர்த்தும் முன்பே பார்வை மகசரில் ஏற வேண்டிய விவரங்கள். போக்குவரத்து நெரிசலைத் தீர்க்கும் அவசரத்தில் முதலில் வண்டிகளை ஓரங்கட்டுவதுதான் இப்போதைய வழக்கம்.