குரலும் வார்த்தையும்: இரு மன்னர்களும் ஒரு கவிஞரும்

1957ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த ஊல்டன் பகுதியில் புனித பேதுரு ஆலயத்தின் கோடை விழா நடந்துகொண்டிருந்தது. அவ்விழாவில்தான் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி என்னும் இரு இளைஞர்கள் முதன்முதலாகச் சந்தித்தனர். அச்சந்திப்பிலிருந்து வளர்ந்த 'பீட்டில்ஸ்' என்னும் ராக் இசைக்குழு, அறுபதுகளில் உலக இளைஞர்களின் செவிகளை ஆண்டு, 1970இல் பிரிந்தது. அக்குழுவினர் ஒருவரையொருவர் எவ்வாறு தூண்டி வளர்த்தனர், யார் எந்தக் கவிதையிலிருந்து எதைப் பெற்றனர் என்பதைப் பற்றி மேலைநாட்டார் எழுதிக் குவித்திருக்கும் நூல்கள் பல.

அதே ஆண்டுகளில் நம் வீட்டு வாசலிலேயே நிகழ்ந்த அதற்கு இணையானதொரு கூட்டுப்படைப்பை நாம் அந்த அளவுக்கு எண்ணிப் பார்த்ததுண்டா? தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் இருப்புப் பாதையில் 1931 முதல் மின்சார வண்டிகள் ஓடுகின்றன. குரோம்பேட்டை, பல்லாவரம், பரங்கிமலை எனக் கடந்து செல்லும் அந்த வண்டி கோடம்பாக்கத்திலும் நின்றே செல்கிறது. அந்நிலையத்திற்கு அப்பால் பரந்திருந்த படப்பிடிப்பு நிலையங்களின் ஒலிப்பதிவுக் கூடங்களில்தான் எம். எஸ். விசுவநாதன், டி. கே. இராமமூர்த்தி, கவிஞர் கண்ணதாசன் ஆகிய மூவரும் ஒரு தலைமுறையின் மகிழ்ச்சிக்கும் கண்ணீருக்கும் பாட்டு வடிவம் தந்தனர். அவர்கள் கிதார் ஏந்தி மேடையில் ஆடிய குழுவினர் அல்லர். ஆயினும் பலர் கூடி ஓருயிராய்ப் படைத்தல் என்னும் அரிய நிகழ்வை அவர்களிடத்தில் தெளிவாகக் காண்கிறோம்.

மூன்று ஊர்கள், ஒரு கூடம்

மூவரும் வெவ்வேறு மண்ணின் பிள்ளைகள். இராமமூர்த்தி 1922இல் திருச்சியில், வயலின் வாசிப்பையே குலச்செல்வமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை அவருடைய பாட்டனார். விசுவநாதன் 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, பள்ளிப்படிப்பை அதிகம் அறியாமல் ஆர்மோனியத்தைத் துணையாகக் கொண்டு வளர்ந்தவர். கண்ணதாசன் 1927இல் காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுகூடல்பட்டியில் முத்தையா என்னும் பெயருடன் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு அவருடைய பள்ளிக் கல்வி முடிந்தது. ஏட்டுக் கல்வி தராததை இவர்களுக்குக் கேள்வியும் உழைப்பும் தந்தன.

இராமமூர்த்தியும் விசுவநாதனும் இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமனின் குழுவில் வயலினும் ஆர்மோனியமும் வாசித்தவர்கள். 1952இல் சுப்பராமன் இளவயதிலேயே காலமானார். அவர் பாதியில் விட்டுச் சென்ற பணிகளை இவ்விருவரும் சேர்ந்து நிறைவு செய்தனர். அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த 'பணம்' என்னும் படத்தில் இருவர் பெயரும் இணைந்து வந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய அப்படத்தைத் தயாரித்தவர் கண்ணதாசனின் தமையனார் ஏ. எல். சீனிவாசன். இவ்வாறு மூவருடைய பாதைகளும் அங்கே கூடின.

யார் பெயரை முன்னே இடுவது என்ற கேள்வி அப்போது எழுந்தது என்பர். வயதிலும் வித்தையிலும் மூத்தவர் இராமமூர்த்தி. ஆனால் மூத்தவர் பின்னால் நின்று இளையவரைத் தாங்கட்டும் என்று கலைவாணர் கூற, இராமமூர்த்தியும் அதற்கு இசைந்தார் என்று திரையுலகில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஆறு வயது மூத்தவர் இரண்டாம் இடத்தை ஏற்றுக்கொண்டதில்தான் 'விசுவநாதன் - இராமமூர்த்தி' என்ற பெயர் பிறந்தது. நம் சிந்தனைக்குரிய முதற்செய்தி இதுவே.

மெட்டு கேட்ட கேள்வியும் சொல் தந்த விடையும்

இவர்கள் பாட்டு அமைத்த முறை எளியது. இயக்குநர் கதையின் சூழலை விளக்குவார். விசுவநாதன் ஆர்மோனியத்தின்முன் அமர்ந்து 'தன்னானே' என்றும் 'தத்தகாரம்' என்றும் மெட்டை முணுமுணுப்பார். கவிஞர் அதைக் கேட்டு வாயாலேயே வரிகளைச் சொல்ல, உதவியாளராக இருந்த அவருடைய உறவினர் பஞ்சு அருணாசலம் போன்றோர் எழுதிக்கொள்வர். சில வேளைகளில் கவிதை முந்தும், மெட்டு அதன் பின்னே வரும். வயலினில் ஊறிய இராமமூர்த்தியின் கருநாடக இசைப் புலமை, பாட்டுக்கு இடையே எழும் கருவியிசைக்கு அழுத்தமும் ஆழமும் தந்தது. ஆர். கோவர்த்தனமும் ஹென்றி டேனியலும் உதவியாளர்களாய்த் துணை நின்றனர். மேலைநாட்டு இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்க வல்ல கிறித்தவ, ஆங்கிலோ இந்தியக் கலைஞர்கள் பலர் அக்கூடங்களில் மிருதங்கமும் தபேலாவும் வாசிப்போர் அருகே அமர்ந்து கிதாரும் அக்கார்டியனும் வாசித்தனர்.

மெட்டுக்குப் பாட்டு எழுதுவது கவிதைக்கு இழுக்கு என்று கூறியவர்கள் உண்டு. அவர்கள் தமிழ் மரபின் ஒரு பகுதியை மறந்தனர் என்றே தோன்றுகிறது. அருணகிரிநாதரின் திருப்புகழ் முழுவதும் சந்தத்தின் ஆட்சியன்றோ? தத்தகாரத்தில் ஒரு சட்டத்தை அமைத்து, அதற்குள் சொற்களைப் பிசகாமல் நிரப்புவது நம் புலவர்கள் பன்னூறாண்டுகளாகப் பயின்ற கலை. கண்ணதாசன் அக்கலையை ஒலிப்பதிவுக் கூடத்திற்குக் கொண்டுவந்தார். மூன்று நிமிடத்திற்குச் சற்றே கூடுதலாக ஓடும் இசைத்தட்டின் ஒரு பக்கமே அவருக்குக் கிடைத்த ஏடு.

அந்த ஏட்டில் அவர் எழுதியது தமக்குப் பின்னே இருந்த பெரிய நூலகத்திலிருந்து. திராவிட இயக்க மேடைகளில் முழங்கிய நாளில் கம்பனைக் குறை காண்பதற்காகவே கம்பனைப் படிக்கப் புகுந்து, இறுதியில் கம்பனுக்கே அடிமையானதை அவரே எழுதியிருக்கிறார். அகலிகைப் படலத்தில் 'வண்ணம்' என்னும் ஒரே சொல்லை அடுக்கிக் கம்பர் காட்டும் அழகு, 'பாசம்' (1962) படத்தின் காதற்பாடல் ஒன்றில் புதுக்கோலம் பூண்டது. உறவினர் எதுவரை உடன்வருவர் என்று பட்டினத்தார் எழுப்பிய கேள்வி, 'பாத காணிக்கை' (1962) படத்தின் வழியாக இரங்கல் வீடுகளுக்கெல்லாம் சென்று சேர்ந்தது. தாய்மாமன் சீரைச் சொல்லிப் பிள்ளையைத் தூங்கவைக்கும் செட்டிநாட்டுத் தாலாட்டு, 'பாசமலர்' (1961) படத்தில் பிரிந்திருக்கும் அண்ணனும் தங்கையும் தனித்தனியே பாடும் பாட்டாயிற்று. ஏடுகளில் உறங்கியதையும் கிராமத்துத் திண்ணைகளில் ஒலித்ததையும் தேநீர்க் கடையில் நிற்கும் தொழிலாளியின் உதட்டுக்கு இவர்கள் கொண்டுவந்தனர்.

பாட்டு பரவிய வழியும் நினைக்கத்தக்கது. 1952இல் மத்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லை என்ற நிலையை உருவாக்கினார். மக்கள் இலங்கை வானொலிக்குச் செவிசாய்த்தனர். 1957இல் விவித் பாரதி தொடங்கிய பிறகே நம் வானொலி மீண்டும் அவர்களை அழைத்தது. கடல் கடந்து வந்த அலைகளின் வழியேதான் தமிழன் தன் பாட்டைக் கேட்க வேண்டியிருந்தது!

சமயங்கள் சந்தித்த இடம்

நம்மவர் தனியே கவனிக்க வேண்டிய படம் 1961இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த 'பாவமன்னிப்பு'. இந்துப் பெற்றோருக்குப் பிறந்து இசுலாமியப் பெரியவரிடம் வளரும் ரகீமும், கிறித்தவர் ஒருவரால் வளர்க்கப்படும் மேரியும் அக்கதையின் மாந்தர்கள். ஒப்புரவு அருளடையாளத்தை நினைவூட்டும் தலைப்பைத் தாங்கிய அப்படத்தில், செட்டிநாட்டுக் கவிஞரின் சொற்களுக்குப் பாலக்காட்டாரும் திருச்சியாரும் இசையமைக்க, டி. எம். சௌந்தரராஜனும் நாகூர் இ. எம். ஹனிபாவும் இணைந்து பாடினர். சமய நல்லிணக்கம் என்று நாம் மாநாடுகளில் பேசுவதை அவர்கள் பாடியே காட்டிவிட்டனர்.

இக்கூட்டணி வளர்த்த குரல்களிலும் நம் இல்லத்தார் உண்டு. 'பாசமலர்' வழியே புகழ்பெற்ற எல். ஆர். ஈஸ்வரி, லூர்து மேரி இராஜேஸ்வரி என்னும் பெயருடன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மேலைநாட்டுப் பாடும் முறைகளைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்த ஜே. பி. சந்திரபாபு, தூத்துக்குடி பனிமய அன்னையின் பெயரைச் சுமந்த ஜோசப் பனிமயதாஸ். அவர் நடித்த 'கவலை இல்லாத மனிதன்' (1960) படத்தைக் கண்ணதாசனே தயாரித்தார். பெயருக்கு மாறாக அப்படம் கவிஞருக்குக் கடனையும் கவலையையும் தந்தது. அத்துன்ப நாள்களைக் கடந்து வந்தவர் எழுதிய ஆறுதல் பாடல்கள் ஏட்டறிவில் பிறந்தவை அல்ல.

இடம் விடுதல் என்னும் அறம்

இப்போது நம் மையக் கேள்விக்கு வருவோம். இவர்களுடைய பாடல்கள் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைப்பதேன்?

புனித அகுஸ்தினார் தம் வாழ்க்கையை இறைவன்முன் அறிக்கையிட்ட நூலின் பத்தாம் பகுதியில் ஒரு கலக்கத்தைச் சொல்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாடும் இனிமையே தம் உள்ளத்தை அதிகம் கவரும்போது தாம் பிழை செய்வதாக அவர் அஞ்சுகிறார். அதே அகுஸ்தினார், திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழா மறையுரையில், யோவான் குரல், கிறிஸ்துவோ வார்த்தை என்று விளக்குகிறார். வார்த்தையில்லாத குரல் செவியைத் தொடும், உள்ளத்தைக் கட்டியெழுப்பாது. குரலின் பணி வார்த்தையைக் கேட்பவன் நெஞ்சில் சேர்த்துவிட்டுத் தான் ஓய்வது.

கண்ணதாசனும் விசுவநாதனும் பிறந்தது ஓராண்டு இடைவெளியில், ஒரே ஜூன் 24ஆம் நாளில். அது திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழா நாள். இது தற்செயல்தான். ஆனால் அந்நாளின் செய்தியையே அவர்களின் கலையிலும் காண்கிறோம். 'கர்ணன்' (1964) படத்தில் இந்துஸ்தானி இராகங்களைத் தழுவி எழுந்த பெரும் இசைக்கோவையாயினும், 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் மேலைநாட்டுத் துள்ளல் தாளமாயினும், ஒரு சொல்லும் இசையில் மூழ்கிப் போகவில்லை. சொல் பேசும்போது கருவிகள் தணிகின்றன. சொல் மூச்சு வாங்கும்போது வயலின்கள் எழுகின்றன. கவிஞரும் மெட்டின் அளவுக்குத் தம் புலமையைக் குறுக்கிக்கொண்டார். ஒருவர்க்கொருவர் இடம் விட்டதே இப்பாடல்களின் இரகசியம்.

1963இல் இவ்விருவருக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் சூட்டப்பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய தன் கொள்கைத் திரட்டை வெளியிட்டது. அதன்பின் நம் ஆலயங்களில் தமிழ்ப் பாடல்கள் பெருகியபோது, அவற்றின் நடையிலும் மெல்லிசையின் சாயல் படிந்தது. சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற அவர்களின் ஒழுங்கையும் நம் பாடகர் குழுக்கள் கற்றுக்கொண்டால் எத்துணை நலம்!

பிரிவும் நினைவும்

1965இல், 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தை ஒட்டி, இருவரும் பிரிந்தனர். காரணங்களைக் கிளறுவதால் பயனில்லை. விளைவுகளையே எண்ணுவோம். விசுவநாதன் தனித்து நின்று கவிஞரோடு மேலும் பல ஆண்டுகள் ஒளி வீசினார். நாள்தோறும் நம் பள்ளிப் பிள்ளைகள் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டமைத்தவரும் மலையாள மண்ணில் பிறந்த அவரே. இராமமூர்த்தியோ 'நான்' (1967), 'மூன்றெழுத்து' (1968) போன்ற படங்களில் தம் திறமையை நிறுவிய பின்னும், இருபதைக்கூட எட்டாத படங்களுக்கே தனியாக இசையமைத்தார். இரண்டாம் இடத்தை மனமுவந்து ஏற்றவரை உலகம் அவ்விடத்திலேயே விட்டுவிடுகிறது. 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக இருவரும் மீண்டும் இணைந்தனர். 2012இல் தமிழக அரசு இருவருக்கும் 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தை ஒரே மேடையில் வழங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இராமமூர்த்தியும், 2015 ஜூலையில் விசுவநாதனும் மறைந்தனர்.

கவிஞர் அவர்களுக்கு முன்பே, 1981 அக்டோபர் 17ஆம் நாள், சிகாகோ நகரில் காலமானார். 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதிய அவருடைய இறுதிக்காலப் பெரும்படைப்பு, திருச்சி கலைக்காவிரி நிறுவனத்தின் வேண்டுகோளை ஏற்று எழுதிய 'இயேசு காவியம்'. மெட்டுக்கு இடம் விட்டுப் பழகிய அக்கவிஞர், தமதல்லாத ஒரு சமயத்தின் திருநூலுக்கும் தம் தமிழில் இடம் தந்தார் என்பதில் வியப்பில்லை.

இன்றும் நம் தாம்பரம், பல்லாவரம் பகுதிகளின் திருமணக் கூடங்களிலும் திருவிழா மேடைகளிலும் இம்மூவரின் பாடல்களைப் பேரப்பிள்ளைகள் பாடுகின்றனர். பாடியவர் பெயர் நமக்குத் தெரியும், நடித்தவர் முகம் நினைவில் நிற்கும். ஆனால் அப்பாடலில் வயலின்கள் எழும் அந்தச் சில நொடிகளில், பின்னே நிற்க இசைந்த ஒரு திருச்சிக்காரரையும் நினைப்போமாக. நம் குடும்பங்களிலும் பங்குகளிலும்கூட, யாரோ ஒருவர் இவ்வாறு இடம் விட்டு நிற்பதால்தான் நம் வார்த்தை பிறர் செவிக்கு எட்டுகிறது.