யானைக்கும் அடி சறுக்கும்



எங்கள் தோட்டப் பள்ளியில் பிள்ளைகள் அனைவரையும் சேர்த்து எண்ணினாலும் நூறு பேர் தேறமாட்டார்கள். ஒருமுறை பட்டணத்துப் பெரிய பள்ளியோடு காற்பந்து ஆடப் போனோம். ஆட்டம் முழுவதும் பந்து எங்கள் பக்கத்திலேயே உருண்டது. கடைசி நேரத்தில் யாரோ உதைத்த பந்து எங்கள் பையன் ஒருவனின் முதுகில் பட்டுத் திரும்பி, எதிர்க்குழுவின் கோலுக்குள் புகுந்துவிட்டது. அந்த ஒரே கோலால் வென்றோம். லாரியில் திரும்பும்போது மற்றப் பையன்கள் அவனைக் கேலி செய்தார்கள். “ஐயா, நான் போட்டது கோல்தானே?” என்று அவன் கண்கலங்கிக் கேட்டான். “கோல்தானப்பா” என்றேனே தவிர, மேற்கொண்டு விளக்கம் சொல்ல எனக்கு அன்று வரவில்லை. அவனுக்குரிய விடையை வரலாற்றில் தேடினேன். அதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1950ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. காற்பந்தாட்டத்திற்கு விதி வகுத்த இங்கிலாந்து அவ்வாண்டுதான் முதன்முறையாக அதில் கலந்துகொண்டது. ஜூன் 29ஆம் நாள் பெலோ ஒரிசொன்டே நகரில் அது அமெரிக்காவை எதிர்த்தாடியது. இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள். அமெரிக்கர்களில் பலரோ வேறு வேலை செய்து பிழைத்தவர்கள். கோல் காவலர் ஃபிராங்க் போர்கி பிண வண்டி ஓட்டியவர். வால்டர் பார் என்னைப்போல் ஒரு பள்ளி ஆசிரியர். ஹைட்டி நாட்டவரான ஜோ கேட்ஜென்ஸ், நியூயார்க்கில் கணக்கியல் படித்துக்கொண்டே உணவகத்தில் தட்டுக் கழுவியவர்.

ஆட்டம் தொடங்கியதும் இங்கிலாந்து முற்றுகையிட்டது. அடித்த பந்துகள் கம்பத்தில் பட்டுத் திரும்பின. மற்றவற்றைப் போர்கி பாய்ந்து பிடித்தார். புகழ்பெற்ற ஸ்டான்லி மேத்யூஸ் அன்று ஆடவில்லை. முதலாட்டத்தில் சிலியை வென்ற குழுவை மாற்ற வேண்டாம் என்று அவரை வெளியே வைத்துவிட்டார்கள். 38ஆம் நிமிடத்தில் பார் தொலைவிலிருந்து பந்தை உதைத்தார். இங்கிலாந்தின் கோல் காவலர் அதைத் தடுக்க ஒரு பக்கம் நகர்ந்தார். குறுக்கே பாய்ந்த கேட்ஜென்ஸின் தலையில் பந்து பட்டுத் திசைமாறி உள்ளே போயிற்று. அவர் குறிபார்த்து முட்டினாரா, பந்துதான் அவர்மேல் பட்டதா என்ற வாதம் பிறகு நெடுங்காலம் நடந்தது. அதன்பின் கோல் விழவில்லை. அமெரிக்கா வென்றது.

1966ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த போட்டியிலும் இதற்கு ஒப்பான ஒன்றைக் காண்கிறோம். ஜூலை 19ஆம் நாள், இரு முறை உலகக் கிண்ணம் வென்றிருந்த இத்தாலி வட கொரியாவோடு மோதியது. முதற்பாதியிலேயே இத்தாலியின் புல்கரெல்லி காயமுற்று வெளியேறினார். மாற்று ஆட்டக்காரரை இறக்க அந்நாளைய விதி இடந்தரவில்லை. எஞ்சிய நேரம் முழுவதும் பத்துப் பேரே ஆடினார்கள். 42ஆம் நிமிடத்தில் பாக் டூ இக் போட்ட ஒரே கோலால் இத்தாலி தோற்று வீடு திரும்பியது.

இவற்றையெல்லாம், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று தள்ளிவிடலாமா? சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஆட்டத்தில் வெல்ல மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புடைய எளிய குழு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். முடிவை ஒரே ஆட்டத்தில் காண்பது என்றால், 81 போட்டிகளில் 27இல் அது வெல்லும் என எதிர்பார்க்கலாம். மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்லவேண்டும் என்றால் அது 21ஆகக் குறையும். ஐந்தில் மூன்று என்றால் 17தான். ஆட்டங்கள் கூடக் கூட வலியவரின் வலிமை வெளிப்படுகிறது. தற்செயலின் செல்வாக்குத் தேய்கிறது.

ஓர் ஆட்டத்திற்குள்ளும் இதே கணக்குத்தான். பூப்பந்தில் பத்துக்கணக்கான புள்ளிகள் எடுத்தாக வேண்டும். வலையில் தட்டி விழும் ஒரு புள்ளி அவற்றில் கரைந்துவிடும். காற்பந்திலோ பல ஆட்டங்கள் ஒரு கோலில் முடிகின்றன. அந்த ஒன்று தலையில் பட்டு வந்தாலும், முதுகில் பட்டு வந்தாலும் அதை ஈடுசெய்ய நேரம் கிடைப்பதில்லை. யானைக்கு அடி சறுக்குவதற்குக் காற்பந்துத் திடல் மிகவும் வழுக்கலான இடம்.

ஆனால், தற்செயல் கதவைத் திறக்குமே தவிர, கைப்பிடித்து நடத்திச் செல்லாது. அமெரிக்கா அடுத்த ஆட்டத்தில் சிலியிடம் 5–2 என்று தோற்று வெளியேறியது. வட கொரியா காலிறுதியில் போர்த்துகலுக்கு எதிராக 3–0 என்று முந்தியிருந்தும், இறுதியில் 5–3 என்று தோற்றது. அதில் நான்கு கோல்கள் யுசேபியோ போட்டவை. கேட்ஜென்ஸின் நற்பேறும் அவரைக் கடைசிவரை காக்கவில்லை. 1964இல் ஹைட்டியின் சர்வாதிகார அரசின் இரகசியக் காவலர்கள் அவரைப் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பி வரவே இல்லை.

எனினும் ஒன்றை மறக்கலாகாது. போர்கி பந்துகளைப் பிடித்திராவிட்டால் அந்த ஒரு கோலுக்குப் பயனில்லை. கேட்ஜென்ஸ் ஓடிவந்து பாய்ந்திராவிட்டால் பந்து அவர் தலையில் பட்டிருக்காது. பந்து எப்படித் திரும்பும் என்பது நம் கையில் இல்லை. அது வரும் இடத்தில் நிற்பது நம் கையில் இருக்கிறது.

அன்று அந்தப் பையனிடம் சொல்லாமல் விட்டதை இன்று சொல்கிறேன்: “நீ போட்டது கோல்தான், தம்பி. ஆட்டம் முடியும் தறுவாயில், மற்றவர்கள் களைத்து நின்றபோது, எதிர்க்குழுவின் கோல்வரை ஓடிப்போயிருந்தவன் நீ ஒருவன்தான். பந்து உன் முதுகில் பட்டது தற்செயல். உன் முதுகு அங்கே இருந்தது தற்செயல் அன்று.”