உலைக்குத் தீனி போடும் கை: கல்பாக்கத்தில் பெல்லட் ஊட்டிய கதை

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க பெல்லட் அடுப்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மரத்தூளை அழுத்தி, விரல் தடிமனுக்கும் குறைவான குச்சித் துண்டுகளாக்கி எரிக்கும் அடுப்பு. 1980களில் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் பரவ ஆரம்பித்தது. நம்ம ஊரிலும் மரத்தூள், நிலக்கடலைத் தோல் இவற்றில் செய்த பெல்லட்டை ஓட்டல் அடுப்பிலும் ஆலை பாய்லரிலும் போடுகிறார்கள். இந்த அடுப்பைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டு போனபோது கவனித்தது ஒன்று. இதில் எரிவது பெரிய விஷயமே இல்லை. பெல்லட்டை நெருப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் விஷயம்.

அமைப்பு எளிமையானது. மேலே பெல்லட் கொட்டி வைக்கிற ஹாப்பர். அடியில் மெதுவாகச் சுழலும் ஒரு ஸ்க்ரூ. ரைஸ் மில்லில் நெல் ஏற்றும் ஸ்க்ரூ மாதிரிதான், அளவில் சின்னது. அது பெல்லட்டை மேலே தூக்கிக்கொண்டு வந்து ஒரு சரிவில் விடும். அங்கிருந்து பெல்லட் தானாக உருண்டு எரிகிண்ணத்தில் விழும். ஏன் மேலே தூக்கிக் கீழே போட வேண்டும், நேராகத் தள்ளினால் என்ன? நேராகத் தள்ளினால் எரிகிற பெல்லட்டிலிருந்து ஹாப்பர் வரை தொடர்ச்சியாக எரிபொருள் இருக்கும். நெருப்பு பின்னோக்கி ஊர்ந்து ஹாப்பரையே பிடித்துவிடும். நடுவில் அந்த வெற்றிடம் இருந்தால் நெருப்புக்குப் பாதை அறுந்துபோகும். போதாததற்கு, ஹாப்பர் மூடியைத் திறந்தால் ஸ்க்ரூ நின்றுவிடும்படி ஒரு சுவிட்ச், ஹாப்பர் அதிகம் சூடானால் நின்றுவிடும்படி இன்னொன்று, புகைக்குழாயில் இழுவை குறைந்தால் நிறுத்த மற்றொன்று. பெல்லட்டில் தூள் சேர்ந்தால் ஹாப்பருக்குள் பாலம் மாதிரி கட்டிக்கொண்டு இறங்காது. நீளமான துண்டு வந்தால் ஸ்க்ரூ இறுகிவிடும். பயனர் கையேட்டில் பாதி இந்தத் தொல்லைகள்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் தாண்டி, சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைப் பக்கம் போனால் கல்பாக்கம். அங்கே வேலை செய்யும் அணுசக்தித் துறை ஊழியர்களுக்காக உருவான குடியிருப்புகளில் ஒன்று அணுபுரம். பெயரே தொழிலைச் சொல்லிவிடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் காலையில் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற வேலையும் ஒருவகையில் பெல்லட் அடுப்புதான். யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் சின்னச் சின்ன வில்லைகளாக அழுத்திச் சுட்டெடுத்து, உலோகக் குழாயில் அடுக்கி, உலைக்குள் ஊட்டுகிறார்கள். அந்த வில்லைக்கும் தொழில்நுட்பப் பெயர் பெல்லட்தான். கல்பாக்கத்தின் வரலாறு என்றால் எல்லோரும் உலை எப்போது பற்றிக்கொண்டது என்ற தேதிகளைச் சொல்வார்கள். அந்த உலைக்குத் தீனி போடும் கையின் வரலாறு அதைவிடச் சுவாரசியமானது என்பது என் கட்சி.

முதல் உலை, சென்னை அணுமின் நிலையத்தின் ஒன்றாம் அலகு. 1983 ஜூலையில் இயங்க ஆரம்பித்தது. இரண்டாம் அலகு 1985 ஆகஸ்டில். இயற்கை யுரேனியம், கனநீர். மூல வடிவம் கனடாவுடையது. 1974 பொக்ரான் வெடிப்புக்குப் பிறகு கனடாக்காரர்கள் கையை உதறிவிட்டுப் போக, நம்மவர்களே கட்டி முடித்தார்கள். இந்த உலையை விறகடுப்போடு ஒப்பிட முடியாது, பெல்லட் அடுப்போடுதான் ஒப்பிட வேண்டும். கூடங்குளம் மாதிரி உலைகள் விறகடுப்பு வகை. வருஷத்துக்கு ஒரு தடவை, ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, மூடியைத் திறந்து, மொத்தமாக எரிபொருள் மாற்றுவார்கள். செறிவூட்டிய யுரேனியம் என்பதால் அது தாங்கும். இயற்கை யுரேனியத்தில் பிளக்கக்கூடிய யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். கையிருப்பு கிடையாது. தொடர்ந்து ஊட்டிக்கொண்டே இருந்தால்தான் எரியும். ஊட்டுவதை நிறுத்தினால் பெல்லட் அடுப்பு சில நிமிஷத்தில் அணையும், இது சில வாரங்களில். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஊட்டும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உலைக்குள் படுக்கைவாட்டில் 306 குழாய்கள். ஒவ்வொன்றிலும் வரிசையாக 12 எரிபொருள் கட்டுகள், ஆக மொத்தம் 3672. ஒரு கட்டு என்பது பெல்லட் நிரப்பிய 19 மெல்லிய குழாய்களைச் சேர்த்துக் கட்டியது. அரை மீட்டர் நீளம், சுமார் 15 கிலோ எடை, ஐதராபாத் அணு எரிபொருள் வளாகத்தில் செய்தது. குழாய்க்குள் 80 மடங்குக்கும் மேலான வளிமண்டல அழுத்தத்தில், 250 டிகிரிக்கு மேல் சூடான கனநீர் ஓடிக்கொண்டிருக்கும். உலை முழு வீச்சில் இயங்கும்போதே இந்தக் குழாயைத் திறந்து புதுக் கட்டு போட வேண்டும். பிரஷர் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து அரிசி போடு என்கிற மாதிரி.

எப்படித் திறப்பார்கள்? உலையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு இயந்திரம். இரண்டும் ஒரே குழாயின் இரு முனைகளையும் வந்து கவ்வும். கவ்விய இடத்தில் கசிவு இல்லை என்று உறுதியானதும், தன் வயிற்றுக்குள்ளும் கனநீரை நிரப்பி, குழாய்க்குள் உள்ள அழுத்தத்துக்கு ஈடாக ஏற்றிக்கொள்ளும். இப்போது குக்கருக்கு வெளியிலும் குக்கர்தான். அதன் பிறகே குழாயின் அடைப்பைக் கழற்றும். ஒரு பக்கத்து இயந்திரம் புதுக் கட்டுகளைத் தள்ள, மறுபக்கத்து இயந்திரம் எரிந்து முடித்தவற்றை வாங்கிக்கொள்ளும். உள்ளே ரிவால்வர் துப்பாக்கியின் குண்டுச் சக்கரம் மாதிரி சுழலும் அறைகள். பொதுவாக ஒரு தடவைக்கு எட்டுக் கட்டு மாற்றுவார்கள். முழு வீச்சில் ஓடும் 220 மெகாவாட் உலை நாளொன்றுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் தின்னும். ஆகவே சராசரியாக நாளுக்கு ஒரு குழாய்.

வாங்கிக்கொண்ட கட்டு சும்மா இருக்காது. ஓடும் உலையில் சராசரியாக ஒரு கட்டு 200 கிலோவாட் வெப்பம் தருகிறது. வெளியே இழுத்த பிறகும் அதில் சில சதவீதம் தொடரும். நாலைந்து இண்டக்‌ஷன் அடுப்பு சேர்ந்தாற்போன்ற சூட்டை ஒவ்வொரு கட்டும் கக்கிக்கொண்டிருக்க, இயந்திரம் கனநீரை ஓட்டிக் குளிர்வித்தபடியே அதைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்த இயந்திரத் தலைகளை இந்தியாவிலேயே செய்யக் கற்றுக்கொண்டது சின்ன சமாச்சாரம் இல்லை. ஐதராபாத்தின் எம்டிஏஆர் மாதிரி பட்டறைகள் இதனால்தான் பேர் வாங்கின.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் எங்கே என்று கனடாவில் ஒரு நிகழ்வு காட்டியது. 1990 ஜனவரி, புரூஸ் நிலையத்தின் நான்காம் உலை. ஊட்டும் இயந்திரம் ஒரு குழாயைக் கவ்வியிருக்கிறது. அந்த நேரத்தில் கணினி நிரலில் இருந்த ஒரு பிழையால், இயந்திரத்தைத் தாங்கும் பாலத்தின் பிரேக் விடுபட்டுப் பாலம் கீழே இறங்கிவிட்டது. குழாயின் முனை சேதம், டன் கணக்கில் கனநீர் கசிவு. கை உள்ளே இருக்கும்போது தோள் அசைந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

கல்பாக்கத்திலும் 1999 மார்ச் 26ஆம் தேதி கனநீர் கொட்டியது. இரண்டாம் அலகை நிறுத்தி வைத்து, குழாய்களைப் பரிசோதிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு குழாயின் முனையடைப்பு விலகிவிட்டது. பல டன் கனநீர். டிரிட்டியம் கலந்த அந்த நீரை ஆட்கள் இறங்கித்தான் திரட்டி எடுத்தார்கள். உலை எரியும்போது நாள் தவறாமல் திறந்து மூடுகிற அதே வாய், உலை அணைந்திருந்தபோது காலை வாரிவிட்டது.

ஆனால் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது பக்கத்து வளாகத்துக் கதை. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் சோதனை வேக ஈனுலை. பிரான்சின் ராப்சோடி உலையைத் தழுவியது. 1985 அக்டோபர் 18 அன்று முதல் முறை தொடர்வினை எட்டியது. இதற்கும் 1974இன் நிழல் உண்டு. செறிவூட்டிய யுரேனியம் பிரான்சிலிருந்து வராது என்றானதும், யாரும் முழு உலைக்குத் துணிந்து போடாத ஒன்றை இங்கே போட்டார்கள்: 70 சதவீதம் புளூட்டோனியம் கார்பைடு, 30 சதவீதம் யுரேனியம் கார்பைடு கலந்த பெல்லட். கார்பைடு தூள் காற்றுப் பட்டால் தீப்பற்றும் சாதி. மந்த வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை விட்டுத்தான் டிராம்பேயில் செய்தார்கள். இந்தப் பெல்லட் தேறுமா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. தேறியது, அமோகமாகத் தேறியது. ஒரு டன்னுக்கு 1,50,000 மெகாவாட்-நாளுக்கு மேல் எரிந்தும் குழாய் உடையாமல் நின்றது. பெல்லட்டைப் பற்றிப் பயந்தார்கள். பிரச்சினை வந்தது ஊட்டும் கையில்.

இங்கே குளிர்விப்பது தண்ணீர் இல்லை, உருகிய சோடியம். தண்ணீரில் இருந்தால் மேலேயிருந்து எட்டிப் பார்க்கலாம். சோடியம் பளபளக்கும் உலோகம், ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டால் எரியும், அதனால் மூடியைத் திறக்கவும் முடியாது. உலையை நிறுத்தி, சோடியத்தை 180 டிகிரியில் வைத்துக்கொண்டு, மூடிய மூடி வழியாகவே எரிபொருளை மாற்ற வேண்டும். அந்த மூடி ஒரு பெரிய வட்டம், அதற்குள் மையம் விலகிய ஒரு சின்ன வட்டம். இரண்டையும் வேண்டிய கோணத்துக்குச் சுழற்றினால், சின்ன வட்டத்தில் உள்ள துளை உலைக்குள் எந்த இடத்துக்கு மேலும் வந்து நிற்கும். பிறகு அதன் வழியே கவ்வியை இறக்கி, ஐந்து சென்டிமீட்டர் அகல அறுகோணக் கட்டைத் தூக்கி, மூடியைச் சுழற்றி, வேறிடத்தில் இறக்குவார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பல்லாங்குழிக் காய் மாற்றுகிற மாதிரி.

1987 மே. ஒரு எரிபொருள் கட்டை உலைக்குள்ளேயே இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டு முழுதாக மேலே ஏறவில்லை. அதன் கால் பகுதி மற்றக் கட்டுகளின் தலை மட்டத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் மூடி சுழன்றது. நீட்டிக்கொண்டிருந்த கால், சுழன்ற பாதையில் இருந்த கட்டுகளின் தலைகளை வளைத்துக்கொண்டே போனது. ஓரத்தில் இருந்த ஒரு பிரதிபலிப்புக் கட்டு தன் இடத்தை விட்டே பெயர்ந்து வெளியே வந்தது. அது மோதி, கவ்விக்கு வழிகாட்டும் கனத்த குழாய் 320 மில்லிமீட்டர் வளைந்துபோனது. வளைந்த குழாய் வந்த துளை வழியே திரும்ப வராது. மூடியும் திரும்பாது. சோடியத்துக்குள் என்ன நிலவரம் என்று நேரில் பார்க்கவும் வழியில்லை.

யாருக்கும் கதிரியக்கப் பாதிப்பு இல்லை, வெளியே எதுவும் கசியவும் இல்லை. ஆனால் உலை முடங்கிவிட்டது. வளைந்த குழாயை அங்கேயே வெட்டி எடுப்பதற்கென்று ஒரு தனிக் கருவியை வடிவமைத்துச் செய்து, இரண்டு துண்டாக்கி வெளியே எடுத்தார்கள். தலை வளைந்த கட்டுகளையும் ஒவ்வொன்றாக மீட்டார்கள். உலை திரும்ப இயங்கியது 1989இல். பற்றிக்கொண்டு இரண்டு வருஷம்கூட ஆகாத, இந்த வகையில் நாட்டின் முதல் உலைக்கு, இரண்டு வருஷம் போயிற்று.

இதை இந்தியர்களின் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஜப்பானைக் காட்டலாம். ஜோயோ என்பது அவர்களுடைய சோதனை வேக உலை, சோடியம்தான். 2007இல் ஒரு சோதனைக் கட்டு சரியாகப் பிரியாமல் மேலே நீட்டிக்கொண்டிருக்க, சுழலும் மூடி சுழன்றது. கட்டின் தலை வளைந்தது, உலைக்கு மேலிருந்த அமைப்பு சேதமானது. 1987இல் கல்பாக்கத்தில் நடந்ததைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கிறது. சேதமான மேலமைப்பை மாற்றவே 2014 ஆயிற்று. உலை அதற்கு அப்புறமும் பல வருஷம் ஓடவில்லை. அதே நாட்டின் மோஞ்சு உலையில் 2010 ஆகஸ்டில், எரிபொருள் மாற்ற உதவும் மூன்று டன்னுக்கு மேற்பட்ட கருவி ஒன்று கவ்வியிலிருந்து நழுவி உலைக்கலத்துக்குள்ளேயே விழுந்தது. அதை வெளியே எடுக்கப் பத்து மாதம்.

புரூஸ், கல்பாக்கம், ஜோயோ மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே பிழைதான். எரிபொருள் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்போது வேறொன்று அசைந்தது. பெல்லட் அடுப்பில் மூடி திறந்தால் ஸ்க்ரூ நிற்கும் சுவிட்ச் இருக்கிறதே, அதன் பெரிய அண்ணன்தான் இந்த உலைகளின் தடுப்புப் பூட்டுகள். கை மேலே வந்துவிட்டது என்ற சைகை கிடைக்காமல் மூடியின் மோட்டாருக்கு மின்சாரம் போகக் கூடாது. அந்தச் சைகை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சூட்சுமம். மோட்டார் இத்தனை சுற்று சுற்றியது, ஆகவே கட்டு மேலே வந்திருக்கும் என்பது ஊகம். கட்டின் கால் மட்டத்தைத் தாண்டியது என்று தொட்டோ கேட்டோ தெரிந்துகொள்வது தகவல். அடுப்பிலும் இதே கதை உண்டு. ஸ்க்ரூ சுற்றுகிறது என்பதால் பெல்லட் விழுகிறது என்று அர்த்தமில்லை, ஹாப்பரில் பாலம் கட்டியிருக்கலாம். சோடியத்துக்குள் பார்க்க முடியாததால் கேட்கிறார்கள். மீயொலி அலையை அனுப்பி, ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று எதிரொலியில் தேடும் கருவியைக் கல்பாக்கத்திலேயே உருவாக்கினார்கள்.

இப்போது அதே கடற்கரையில் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை நிற்கிறது. 2004இல் கட்ட ஆரம்பித்து, அந்த டிசம்பர் சுனாமியில் அடித்தளக் குழி மூழ்கி, தேதிகள் தள்ளித் தள்ளிப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. இதன் பெல்லட் கார்பைடு இல்லை, தாராப்பூரில் செய்யும் கலப்பு ஆக்சைடு, நடுவில் துளை போட்டது. ஒரு கட்டில் 217 குழாய்கள், உலைக்கு 181 எரிபொருள் கட்டுகள். மூடி இங்கேயும் வட்டத்துக்குள் வட்டம்தான். 2024 மார்ச் 4 அன்று பிரதமர் பார்த்திருக்க, உலைக்குள் கட்டுகளை இறக்கும் வேலை ஆரம்பித்தது. செய்தியாளர்கள் மின்சாரம் எப்போது வரும் என்றுதான் எழுதினார்கள். அங்கே சோடியத்துக்குள் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் மூடியைச் சுழற்றும் முன் கை மேலே வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.