குதிரையும் எண்ணும்: பெங்களூர்ப் பந்தயத் திடலின் டிக்கெட் வகைகள்

புகழேந்திப் புலவரின் நளவெண்பாவைப் படித்தவர்களுக்கு ஒரு செய்தி நினைவிருக்கும். சூதாடி நாட்டை இழந்த நளன், குதிரை நூலில் தேர்ந்தவன். வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேர் ஓட்டுகிறான். வழியில் தான்றி மரம் ஒன்றின் காய்களை எண்ணாமலே கணக்கிட்டுச் சொல்கிறான் மன்னன். அந்த எண் வித்தையை நளன் கற்றுக்கொள்கிறான், தன் குதிரை வித்தையை மன்னனுக்குக் கொடுக்கிறான். அப்போதுதான் கலி அவனை விட்டு நீங்குகிறான். குதிரையை அறிந்தவன், எண்ணை அறியாததால் தோற்றான் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். பெங்களூர்ப் பந்தயத் திடலின் வரலாற்றைப் பார்க்கும்போது இந்தக் கதைதான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

1809இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட்டை அமைத்தபோது, சென்னைப் படையோடு தமிழரும் வந்து குடியேறினர் என்பதை நாம் அறிவோம். படையோடு குதிரையும், குதிரையோடு பந்தயமும் வந்தன. இன்றைய பெங்களூர் டர்ஃப் கிளப்பின் தொடக்கம் 1921. பந்தயத் திடல்களுக்கு உரிமம் வழங்கும் மைசூர்ச் சட்டம் 1952இல் வந்தது. திடலை ஒட்டிய சாலைக்கு 2023இல் நடிகர் அம்பரீஷின் பெயர் சூட்டப்பட்டாலும், ஆட்டோக்காரரிடம் இன்றும் ‘ரேஸ் கோர்ஸ் ரோடு’ என்றால்தான் வண்டி நகரும்.

அல்சூரில் இருந்த என் பெரியப்பா வாரம் தவறாமல் திடலுக்குப் போவார். சின்ன வயதில் எனக்கு டிக்கெட் வகைகளைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். “வின்னுல போட்டா வீட்டுக்குக் காய்கறி வரும்டா தம்பி, ஜாக்பாட்ல போட்டா வீடே வரும்” என்பார். சமையலறையிலிருந்து பெரியம்மா, “இருக்கிற வீடு போகாம இருந்தா போதும்” என்பார்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். திடலில் பணம் கட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உரிமம் பெற்ற புக்கி. அவர் ஒரு விகிதம் சொல்வார், அதன்படி கொடுப்பார். இங்கே நம் எதிராளி புக்கி. மற்றொன்று ‘டோட்’. எல்லோர் பணமும் ஒரே குடத்தில் விழும். அதில் கழிவும் வரியும் போக மீதியை ஜெயித்த டிக்கெட்டுகள் பங்கிட்டுக்கொள்ளும். 1860களில் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் என்பவர் கொண்டுவந்த முறை இது. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த ஜார்ஜ் ஜூலியஸ் என்ற பொறியாளர், வாக்கு எண்ணுவதற்காக முதலில் யோசித்த இயந்திரத்தை மாற்றி இதற்கு உருவாக்கினார். அது 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நிறுவப்பட்டது.

ஒரு கற்பனைக் கணக்கு: குடத்தில் 1,000 ரூபாய். 200 கழிந்தால் மீதி 800. ஜெயித்த குதிரை மேல் பத்து ரூபாய் டிக்கெட் 20 விற்றிருந்தால், ஒரு டிக்கெட்டுக்கு 40 ரூபாய். அதே குதிரை மேல் 80 டிக்கெட் விற்றிருந்தால் 10 ரூபாய்தான். போட்ட காசு திரும்பி வரும், அவ்வளவே. ஆக டோட்டில் நாம் போட்டியிடுவது குதிரையோடு அல்ல, பக்கத்தில் நிற்கும் மனிதரோடு. கழிவோ யார் ஜெயித்தாலும் முதலில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

இனி வகைகள். ‘வின்’ என்றால் முதலில் வரும் குதிரை. ‘ப்ளேஸ்’ என்றால் முதல் சில இடங்களில் ஒன்று. எத்தனை இடம் என்பது ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ‘குவினெல்லா’வில் முதலிரண்டு குதிரைகளையும் சொல்ல வேண்டும், வரிசை மாறலாம். ‘ஃபோர்காஸ்ட்’டில் வரிசையும் சரியாக இருக்க வேண்டும். ‘டானாலா’வில் முதல் மூன்றும் அதே வரிசையில் வரவேண்டும். ‘ட்ரெபிள்’ என்பது மூன்று பந்தயங்களின் வெற்றிக் குதிரைகள். ‘ஜாக்பாட்’ என்பது ஐந்து பந்தயங்களின் வெற்றிக் குதிரைகள்.

பந்தயத்துக்கு எட்டுக் குதிரை என்று வைத்துக்கொண்டு இருதுபன்னனைப் போல எண்ணிப் பார்ப்போம். வின்னில் எட்டு வழி. குவினெல்லாவில் 28. ஃபோர்காஸ்ட்டில் 56. டானாலாவில் 336. ட்ரெபிளில் 512. ஜாக்பாட்டில் 32,768! எல்லாவற்றுக்கும் நீட்டுவது ஒரே பத்து ரூபாய் என்பதால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆஸ்திரேலியக் கால்பந்துப் பந்தயத்திலும் இதே கதைதான். யார் வெல்வார் என்பது ஒரு கேள்வி. எத்தனை புள்ளியில், அடுத்த ஆட்டத்தில் யார் என்று அடுக்கிக்கொண்டே போவது வேறு கேள்வி.

இது சூதா, திறமையா என்ற வழக்கும் நம்மவர் தொடர்புடையதே. தமிழக அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. லட்சுமணன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, அது சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, சுமக்கும் எடை, ஜாக்கி ஆகியவற்றை ஆராய்வது திறமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லா டிக்கெட்டுக்கும் அந்தத் திறமை ஒரே அளவில் உதவாது என்பது என் கருத்து. ஒரு பந்தயத்தில் நான்கு குதிரைகளை ஒதுக்கிவிடும் அளவு தேர்ந்தவருக்கும், ஐந்து பந்தயம் சேர்ந்தால் 1,024 வழிகள் மிஞ்சும். போதாக்குறைக்கு, 2023 அக்டோபர் முதல் கட்டும் முழுத் தொகை மீதும் 28 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது; 2025 செப்டம்பரில் அது 40 சதவீதம் ஆயிற்று.

வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதைத் தெரியாதவர் அல்ல என் பெரியப்பா. குறளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். அவர் மறைந்த பிறகு, டிரங்குப் பெட்டியில் ரேஸ் புத்தகங்களோடு ஒரு நீல நோட்டும் கிடைத்தது. தேதி, குதிரையின் பெயர், வந்த பணம் எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஜெயித்தது மட்டுமே எழுதப்பட்டிருந்தது. போனதற்கு ஒரு வரி கூட இல்லை. அந்தக் கணக்கு பெரியம்மாவிடம் இருந்தது. அவர் எதையும் எழுதி வைக்கவில்லை, எந்த மாதம் எந்த நகை போனது என்று வாயாலேயே சொன்னார்.

திடலுக்குப் போகிறவரைப் போகாதே என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. டிக்கெட்டின் பெயரைத் தெரிந்துகொள்வதோடு அதன் எண்ணையும் தெரிந்துகொள்ளுங்கள் என்பதே வேண்டுகோள். நோட்டு போட்டால் இரண்டு பக்கமும் எழுதுங்கள்.