நேர விற்பனை முறை (தமிழ்த் தொலைக்காட்சி)

நேர விற்பனை முறை என்பது, தொலைக்காட்சி நிறுவனம் தன் ஒளிபரப்பில் ஒரு அரைமணியையோ ஒரு மணியையோ தயாரிப்பாளருக்குக் கட்டணத்துக்கு விட்டு, அதற்குள் வரும் விளம்பர நேரத்தில் பெரும்பகுதியை அவரே விற்றுக்கொள்ள விடும் ஏற்பாடு. துறையில் ‘ஸ்லாட் எடுப்பது’ என்பார்கள். தயாரிப்பாளர் கைக்கு வரும் விளம்பர நேரத்துக்கு ‘எஃப்.சி.டி.’ என்று பெயர். விரித்தால் ‘இலவச விளம்பர நேரம்’. ஸ்லாட் கட்டணம் கட்டியவருக்குத்தான் அந்த இலவசம்.

இதன் வேர் தூர்தர்ஷனில் இருக்கிறது. 1976 ஜனவரி முதல் விளம்பரங்களை ஏற்ற தூர்தர்ஷன், 1984 ஜூலையில் ‘ஹம் லோக்’ தொடரை விளம்பரதாரர் ஆதரவோடு ஒளிபரப்பியது. மேகி நூடுல்ஸ் அதன் ஆதரவாளர். ‘ராமாயண்’ (1987), ‘மகாபாரத்’ (1988) தொடர்களுக்குப் பின் வெளித் தயாரிப்பு வழக்கமாயிற்று. 1975இல் தொடங்கிய சென்னை நிலையத்திலும் 13 வாரத் தொடர்கள் வந்தன.

1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் டிவி இம்முறையைக் கைக்கொண்டது. வாரம் ஒருமுறை வந்த தொடர்கள் 1990களின் இறுதியில் தினசரித் தொடர்களாக மாறின. முதல் மெகாத் தொடர் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ராடான் நிறுவனத்தின் ‘சித்தி’யை (1999–2001) பலர் சொல்வார்கள், அதற்கு முந்தையவற்றைச் சுட்டுவோரும் உண்டு. ‘மெட்டி ஒலி’ தொடரைச் சினிடைம்ஸும் ‘கோலங்கள்’ தொடரை விகடன் டெலிவிஸ்டாஸும் தயாரித்தன. ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,500 பகுதிகளைத் தாண்டி ஓடியது.

அக்காலத்துத் தயாரிப்பாளர் பாதி கதைக்காரர், பாதி விளம்பர முகவர். பத்து வினாடிக்கு இவ்வளவு என்ற விலைப்பட்டியலோடு அவருடைய விற்பனை ஆட்கள் விளம்பர நிறுவனங்களுக்கு அலைந்தார்கள். விற்காத வினாடிகளின் நட்டம் தயாரிப்பாளருடையது. ஸ்லாட் கட்டணமோ விற்றாலும் விற்காவிட்டாலும் உண்டு. எனவே செலவு படப்பிடிப்பில் சுருங்கியது. வளசரவாக்கம், சாலிகிராமம் பகுதிகளில் வாடகைக்கு எடுத்த ஒரே வீட்டின் கூடத்தில் காலையில் கல்யாணப் பேச்சும் மாலையில் பாகப்பிரிவினையும் எடுக்கப்பட்டன. முன்கதைச் சுருக்கமும் முழு நீளத் தலைப்புப் பாடலும் எடுக்க வேண்டிய நிமிடங்களைக் குறைத்தன. அதிர்ந்த முகத்தை மூன்று கோணங்களில் காட்டி ‘தொடரும்’ போடும் உத்திக்கும் இதே கணக்கைக் காரணமாகச் சொல்வதுண்டு, இயக்குநர்கள் ஒப்புவதில்லை. முடிவில் விரையும் பெயர்ப்பட்டியலில் நடிகர்களுக்குப் பிறகு புடவைக் கடைக்கும் நகைக்கடைக்கும் நன்றி வரும்.

2006இல் பங்குச் சந்தைக்கு வந்த சன் டிவி நிறுவனத்தின் கணக்குகளில் விளம்பர வருவாயோடு ‘ஒளிபரப்புக் கட்டணம்’ தனி வரியாக இருந்தது. அந்த வரியின் மறுபக்கம் தயாரிப்பாளர்களின் செலவுக் கணக்கு.

இம்முறையில் இடரோடு உரிமையும் பொதுவாகத் தயாரிப்பாளரிடமே தங்கியது. ‘சித்தி’ தெலுங்கில் ‘பின்னி’ ஆனது. பின்னாளில் ராடான் தன் பழைய தொடர்களைத் தானே யூடியூபில் ஏற்றியது.

ஸ்டார் குழுமத்திடம் சென்ற விஜய் டிவி, 2008இல் வந்த ஜீ தமிழ் ஆகியவை ஒப்பந்தத் தயாரிப்பை முதன்மையாகப் பின்பற்றின. இதில் ஒரு பகுதிக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளருக்குத் தொகை கிடைக்கும். விளம்பரமும் உரிமையும் நிறுவனத்துக்கு. 2010களின் பிற்பகுதியில் சன் டிவியும் இதை நோக்கி நகர்ந்தது. ஸ்லாட் கடனிலிருந்து தயாரிப்பாளர்கள் தப்பினார்கள் என்பது ஒரு தரப்பு. அவர்கள் கூலிக்குப் படம் எடுப்பவர்களாகிவிட்டார்கள் என்பது மறு தரப்பு. இரண்டும் பெரும்பாலும் தயாரிப்பாளர்களே சொல்வன. கதை, உரையாடல் எழுதுவோரின் பங்குரிமையை 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் வலுப்படுத்தியது. தயாரிப்பாளருக்கு அத்தகைய காப்பு அதில் இல்லை.

இணையத் தளங்கள் வந்தபின் உரிமையின் மதிப்பு கூடியது. ஒப்பந்தத் தொடர்களின் பழைய பகுதிகள் பெரும்பாலும் அந்தந்தக் குழுமத்தின் சொந்தத் தளங்களில் கிடைக்கின்றன.